பதக்க அட்டையில் ஒரு பெயர்: பிரிட்டிஷ் மேற்கிந்தியப் படையணி வீரர்களின் போர்ப்பணியை ஆராய்வது எப்படி?

முதலாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பேரரசுக்காகப் போரிட்ட காலாட்படையணிகளுள் பிரிட்டிஷ் மேற்கிந்தியப் படையணிக்குத் தனி இடம் உண்டு. ஜமைக்கா, டிரினிடாட், பார்படோஸ், பிரிட்டிஷ் கயானா, பிரிட்டிஷ் ஹோண்டுராஸ் (இன்றைய பெலீஸ்) உள்ளிட்ட கரீபியன் குடியேற்றங்களிலிருந்து தாமாக முன்வந்து சேர்ந்த கறுப்பினத்தவரைக் கொண்டு அது திரட்டப்பட்டது. ஏட்டளவில் அது பிரிட்டிஷ் இராணுவத்தின் முறையான காலாட்படையணி. நடைமுறையில் அதன் வீரர்கள் ‘சுதேசிகள்’ என்று தனியே வகைப்படுத்தப்பட்டனர். சட்டம் வழங்கிய தகுதிக்கும் நடைமுறை வழங்கிய தகுதிக்கும் இடையிலான இந்த இடைவெளி அவர்களுடைய ஊதியத்தையும் பணியையும் பதவி உயர்வையும் தண்டனையையும் தீர்மானித்தது. நூறாண்டுகள் கழித்து அவர்களைத் தேடும் ஆய்வாளருக்குக் கிடைக்கும் ஆவணங்களையும் அதுவே தீர்மானிக்கிறது.

ஒதுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை அரசு ஆவணங்களிலிருந்து மீட்டெடுக்க முயலும் மாணவர்களுக்கும் செயற்பாட்டாளர்களுக்கும் இந்தப் படையணி ஒரு நல்ல பயிற்சிக் களம். எந்த ஆவணம் எங்கே இருக்கிறது, அது எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை இக்கட்டுரை தொகுத்துத் தருகிறது.

படையணி உருவான விதம்

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் கரீபியன் தீவுகளிலிருந்து பலர் படையில் சேர முன்வந்தனர். வெள்ளையரை எதிர்த்து வெள்ளையர் நடத்தும் போரில் கறுப்பினத்தவர் ஆயுதம் ஏந்துவதைப் போர் அலுவலகம் விரும்பவில்லை. குடியேற்ற அலுவலகமோ, விருப்பத்தை மறுத்தால் தீவுகளில் அதிருப்தி பெருகும் என்று அஞ்சியது. 1915இல் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் தலையிட்ட பின்னரே தடை தளர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் படையணிக்குப் பெயர் சூட்டப்பட்டது. முதல் குழுவினர் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சீஃபோர்டு முகாமுக்கு வந்து சேர்ந்தனர்.

போர் முடிவதற்குள் சுமார் 15,600 பேர் இப்படையணியில் பணியாற்றினர். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் ஜமைக்காவினர். அதிகாரிப் பதவிகள் வெள்ளையருக்கே ஒதுக்கப்பட்டிருந்தன. கறுப்பின வீரர் எட்டக்கூடிய உயரம் சார்ஜென்ட் தரத்தோடு முடிந்தது. டிரினிடாடில் நிறப்படிநிலை இன்னும் வெளிப்படையாகச் செயல்பட்டது. அங்கிருந்த வெள்ளையர்களும் வெளிர்நிறத்தவரான நடுத்தர வர்க்கத்தினரும் கறுப்பினத்தவருடன் ஒரே அணியில் நிற்க மறுத்தனர். ‘வணிகர் மற்றும் தோட்டக்காரர் குழு’ என்ற பெயரில் தனியே பணம் திரட்டி, இங்கிலாந்துக்குச் சென்று வேறு படையணிகளில் சேர்ந்தனர். ஒரே வரிசையில் நிற்பதே தீட்டு என்று கருதும் மனநிலையை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

1916 மார்ச்சில் ஜமைக்காவின் மூன்றாம் குழுவை ஏற்றிச் சென்ற ‘வெர்டாலா’ என்ற கப்பல், பாதை மாற்றப்பட்டு, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நோக்கிச் செல்லும் வழியில் பனிப்புயலில் சிக்கியது. வெப்ப நாட்டிலிருந்து போதிய கம்பளி உடையின்றி அனுப்பப்பட்டிருந்த வீரர்களில் சுமார் 600 பேர் குளிரால் பாதிக்கப்பட்டனர். சிலர் இறந்தனர். நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு உறுப்புகள் துண்டிக்கப்பட்டன. போர்முனையைக் காணாமலே ஊனமுற்றுத் திரும்பிய இவர்களை வீரப்பதக்கப் பட்டியல்களில் தேடிப் பயனில்லை.

படையணியின் இரு பட்டாலியன்கள் பாலஸ்தீனத்திலும் ஜோர்தான் பள்ளத்தாக்கிலும் துருக்கியப் படைகளுடன் நேரடியாகப் போரிட்டன. பிரான்சுக்கும் பெல்ஜியத்துக்கும் அனுப்பப்பட்டவர்களுக்கோ குண்டுகளைச் சுமப்பது, அகழி தோண்டுவது, சாலையும் தண்டவாளமும் அமைப்பது ஆகிய வேலைகளே தரப்பட்டன. பீரங்கிக் குண்டுகள் விழும் தொலைவுக்குள்தான் அந்த வேலையும் நடந்தது. போரில் கொல்லப்பட்டவர்களும் காயத்தால் இறந்தவர்களும் 185 பேர்; நோயால் இறந்தவர்கள் 1,071 பேர். இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே முகாம்களின் நிலை புரியும்.

தேடலைத் தொடங்குமுன்

ஒரு வீரரைத் தேடும்போது பெயர் மட்டும் போதாது. கரீபியன் தீவுகளில் ஒரே பெயர் கொண்டவர் பலர். எழுத்தர்கள் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒருவருக்கே பல எழுத்துக்கூட்டல்களும் உண்டு. எனவே பெயர், படை எண், பட்டாலியன், தரம் ஆகிய நான்கையும் சேர்த்தே ஒருவரை அடையாளம் காண வேண்டும். குடும்பத்திடம் பதக்கம் இருந்தால் அதன் விளிம்பைப் பாருங்கள். எண்ணும் பெயரும் படையணியும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. ‘மேற்கிந்தியப் படையணி’ என்ற பெயரில் 1795ஆம் ஆண்டு முதலே ஒரு நிரந்தரப் படையணி இருந்தது. 1915இல் உருவான ‘பிரிட்டிஷ் மேற்கிந்தியப் படையணி’ வேறு. இரண்டும் ஒரே போரில் பணியாற்றியதால் பட்டியல்களில் குழப்பம் எளிதில் நேர்கிறது.

பதக்க அட்டையும் பணிக் கோப்பும்

முதன்மைக் களஞ்சியம் இலண்டனின் கியூ பகுதியிலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம். போர் அலுவலக ஆவணங்கள் அங்கே ‘டபிள்யூ.ஓ.’ என்ற குறியீட்டின் கீழ் எண் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. காப்பகத்தின் இணையப் பட்டியலை எங்கிருந்தும் கட்டணமின்றித் தேடலாம்.

முதலில் பார்க்க வேண்டியது டபிள்யூ.ஓ. 372 வரிசையிலுள்ள பதக்க அட்டைகள். கடல் கடந்து பணியாற்றிய ஏறத்தாழ எல்லா வீரருக்கும் ஓர் அட்டை எழுதப்பட்டது. அந்தத் தொகுதி பெருமளவில் தப்பிப் பிழைத்திருக்கிறது. பெயர், எண், தரம், படையணி, பெற்ற பதக்கங்கள் ஆகியவை அதில் இருக்கும். அட்டையிலுள்ள குறிப்பெண்ணைக் கொண்டு டபிள்யூ.ஓ. 329 வரிசையிலுள்ள பதக்கப் பேரேட்டுக்குச் செல்லலாம். பட்டாலியன் விவரம் அங்கே கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பதக்கத்தின் உலோகத்தையும் கவனியுங்கள். பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் படைவீரர்களுக்கு வெள்ளியில் வழங்கப்பட்டது. சீன, இந்திய, மால்டா தொழிலாளர் படையினருக்கோ அதே பதக்கம் வெண்கலத்தில் வழங்கப்பட்டது. மேற்கிந்தியர்களில் பெரும்பாலோர் செய்தது தொழிலாளர் வேலையே ஆயினும், காலாட்படையணி என்ற பெயர் இருந்ததால் அவர்களுக்கு வெள்ளி கிடைத்தது. செய்த வேலையைவிட, எந்த வகையில் எழுதப்பட்டார் என்பதே ஒருவர் பெற்ற உலோகத்தைத் தீர்மானித்தது.

அடுத்தது தனிநபர் பணிக் கோப்பு. உயரம், தொழில், நெருங்கிய உறவினர், நோய், தண்டனை என ஒரு வாழ்க்கையின் விவரங்கள் இதில்தான் கிடைக்கும். ஆனால் 1940 செப்டம்பரில் ஜெர்மானிய விமானக் குண்டுவீச்சில் இலண்டனின் ஆர்ன்சைட் தெருவிலிருந்த போர் அலுவலகக் கிடங்கு தீப்பற்றியது. முதலாம் உலகப் போர் வீரர்களின் கோப்புகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு அழிந்தது. மிஞ்சியவை டபிள்யூ.ஓ. 363 வரிசையில் ‘எரிந்த ஆவணங்கள்’ என்ற பெயரில் உள்ளன. ஓய்வூதியம் தொடர்பான கோப்புகள் டபிள்யூ.ஓ. 364 வரிசையில் உள்ளன. ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் ஆகிய வணிகத் தளங்களில் இவற்றின் படிமங்களைப் பார்க்கலாம். ஒருவருடைய கோப்பு கிடைக்கவில்லை என்பதற்கு அவர் பணியாற்றவில்லை என்று பொருளில்லை; தீயில் போனவர்களே அதிகம்.

போர் நாட்குறிப்பு

ஒவ்வொரு பட்டாலியனும் கடல் கடந்த களத்தில் அன்றாடம் ஒரு நாட்குறிப்பை எழுத வேண்டும் என்பது விதி. அவை டபிள்யூ.ஓ. 95 வரிசையில் உள்ளன. எந்த நாளில் எங்கே இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்பவை அதில் பதிவாகியிருக்கும். பட்டாலியன் எண் தெரிந்துவிட்டால், ஒரு வீரரின் கோப்பு எரிந்துபோயிருந்தாலும் அவர் வாழ்ந்த மாதங்களை இந்த நாட்குறிப்பின் வழியே மீட்டெடுக்கலாம்.

ஆனால் எழுதியவர் அதிகாரி என்பதை மறக்கக் கூடாது. அதிகாரிகளின் விடுப்பும் இடமாற்றமும் பெயரோடு பதிவாகும். சாதாரண வீரர் இறந்தால் பெரும்பாலும் ‘ஒருவர் கொல்லப்பட்டார்’ என்று மட்டுமே இருக்கும். அந்த ஒருவர் யார் என்பதைக் கல்லறைப் பதிவேட்டின் தேதியோடு ஒப்பிட்டே கண்டறிய வேண்டும். இவ்வகை ஒப்பீடு ஆய்வாளரின் அன்றாட வேலை.

இராணுவ நீதிமன்ற ஆவணங்கள்

சட்ட மாணவர்கள் தனிக் கவனம் செலுத்த வேண்டிய பகுதி இது. களத்தில் நடந்த இராணுவ நீதிமன்ற விசாரணைகளின் பதிவேடுகள் டபிள்யூ.ஓ. 213 வரிசையில் உள்ளன. பெயர், தரம், படையணி, குற்றச்சாட்டு, தண்டனை ஆகியவை மட்டுமே அவற்றில் இருக்கும். முழு விசாரணை நடவடிக்கைகள் டபிள்யூ.ஓ. 71 வரிசையில் உள்ளன. அவற்றில் தப்பியிருப்பவற்றுள் முக்கியமானவை மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட வழக்குகள்.

ஹெர்பர்ட் மோரிஸ் வழக்கு அவற்றில் ஒன்று. ஜமைக்காவைச் சேர்ந்த அவர் ஆறாம் பட்டாலியனில் பணியாற்றிய பதின்ம வயது இளைஞர். பெல்ஜியத்தின் இப்ரே முனையில் பீரங்கிகளுக்கு அருகே வேலை செய்துவந்தார். 1917இல் பணியிடத்தைவிட்டு அகன்றதற்காக விசாரிக்கப்பட்டார். பீரங்கிச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை, தலையில் தொந்தரவு இருக்கிறது, மருத்துவரிடம் சொல்லியும் மருந்து கிடைக்கவில்லை என்பதே அவர் சொன்ன சுருக்கமான விளக்கம். அவரை மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தாமலேயே தண்டனை உறுதிசெய்யப்பட்டது. 1917 செப்டம்பர் 20 அன்று போப்பரிங்கே நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 17. அந்தப் போரில் பிரிட்டிஷ் இராணுவம் விதித்த மரண தண்டனைகளில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே நிறைவேற்றப்பட்டது என்பதையும் இத்துடன் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய 2006ஆம் ஆண்டின் ஆயுதப் படைகள் சட்டத்தின் 359ஆவது பிரிவு, பணியைவிட்டு ஓடியது, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக அப்போரில் கொல்லப்பட்ட வீரர்களுக்கு மன்னிப்பு வழங்கியது. அதன் பயனைப் பெற்ற 306 பேரில் மோரிசும் ஒருவர். ஆனால் அதே பிரிவின் வாசகத்தை இறுதிவரை படிக்க வேண்டும்: இந்த மன்னிப்பு தீர்ப்பையோ தண்டனையையோ பாதிக்காது, எந்த உரிமையையும் உருவாக்காது. அதாவது, அவருக்கு அந்த முடிவு தகாதது என்று அரசு ஒப்புக்கொண்டது. அவரைக் குற்றவாளியாக்கிய தீர்ப்பை அது தொடவில்லை. மன்னிப்புக்கும் நீதிக்கும் உள்ள தொலைவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சட்ட வாசகம் அரிது.

டாரன்டோ: ஊதியமும் கலகமும்

1918ஆம் ஆண்டின் முதலாம் எண் இராணுவ ஆணை பிரிட்டிஷ் வீரர்களின் ஊதியத்தை 50 விழுக்காடு உயர்த்தியது. நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் என்பது ஒன்றரை ஷில்லிங் ஆனது. மேற்கிந்தியப் படையணிக்கு அது மறுக்கப்பட்டது. அவர்கள் ‘சுதேசிகள்’ என்பதே காரணமாகக் கூறப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களுக்குரிய ஊதியமும் படிகளும் கிடைக்கும் என்று சொல்லித் திரட்டப்பட்டவர்கள் அவர்கள்.

போர் முடிந்ததும் படையணியின் பட்டாலியன்கள் தெற்கு இத்தாலியின் டாரன்டோ நகரில் சிமினோ முகாமில் குவிக்கப்பட்டன. ஊர் திரும்பக் காத்திருந்த அவர்களுக்குக் கப்பலில் சரக்கேற்றும் வேலை தரப்பட்டது. வெள்ளை வீரர்களின் உடைகளைத் துவைக்கவும், இத்தாலியத் தொழிலாளர்களின் கழிப்பிடங்களைச் சுத்தம் செய்யவும் ஆணையிடப்பட்டது. 1918 டிசம்பர் 6 அன்று ஒன்பதாம் பட்டாலியன் வீரர்கள் தங்கள் அதிகாரிகளைத் தாக்கினர். அதே நாளில் 180 சார்ஜென்ட்டுகள் ஊதிய மறுப்பையும் பதவி உயர்வு மறுப்பையும் எதிர்த்து ஒரு மனுவில் கையெழுத்திட்டனர். கொந்தளிப்பு நான்கு நாட்கள் நீடித்தது. அதை அடக்க ஊர்செஸ்டர்ஷயர் படையணி அழைக்கப்பட்டது. ஒன்பதாம் பட்டாலியன் கலைக்கப்பட்டது. சுமார் 60 பேர் கலகக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டு, பெரும்பாலோர் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை பெற்றனர். 1919இன் தொடக்கத்தில் குடியேற்ற அலுவலகத்தின் வற்புறுத்தலால் ஊதிய உயர்வு இவர்களுக்கும் வழங்கப்பட்டது. கோரிக்கை நியாயமானது என்று அரசே ஒப்புக்கொண்ட பின்னும் அதற்காகப் போராடியவர்கள் மீதான தண்டனைகள் கலகத் தண்டனைகளாகவே பதிவேட்டில் நிற்கின்றன.

டிசம்பர் 17 அன்று ஐம்பது, அறுபது சார்ஜென்ட்டுகள் கூடிக் ‘கரீபியன் லீக்’ என்ற அமைப்பைத் தொடங்கினர். கறுப்பின மக்கள் தங்களைத் தாங்களே ஆள வேண்டும், தாயகம் திரும்பியதும் உயர்ந்த ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்ய வேண்டும் என்று அங்கே பேசப்பட்டது. இதை நாம் எப்படி அறிகிறோம்? கூட்டத்திலிருந்த ஒருவர் அதிகாரிகளிடம் தெரிவித்ததால் எழுந்த இரகசிய அறிக்கையின் மூலம். அந்த அறிக்கை குடியேற்ற அலுவலகக் கோப்புகளில், ‘சி.ஓ. 318’ என்ற வரிசையில் உள்ளது. ஒடுக்கப்பட்டோரின் சொற்களைப் பல நேரங்களில் உளவு அறிக்கைகளும் காவல்துறைக் குறிப்புகளுமே காத்து வைத்திருக்கின்றன. அறிக்கை எழுதியவரின் அச்சத்தையும் நோக்கத்தையும் கழித்துவிட்டு, பேசியவரின் குரலைப் பிரித்தெடுக்க வேண்டியது ஆய்வாளரின் கடமை. அதற்கு மாறாக, மனுக்கள் அவர்களே எழுதியவை. ஆகவே எந்த ஆய்விலும் மனுவை முதலில் தேடுங்கள்.

கல்லறையும் பெயரும்

போரில் இறந்தவர்களைத் தேட, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையத் தரவுத்தளம் கட்டணமின்றிப் பயன்படும். 1917இல் நிறுவப்பட்ட இவ்வாணையம் தரம், இனம், மதம் என்ற வேறுபாடின்றி இறந்தோர் அனைவரையும் சமமாக நினைவுகூர்வதைத் தன் கொள்கையாக அறிவித்தது. சீஃபோர்டு கல்லறைத் தோட்டத்தில் இப்படையணியின் 19 வீரர்கள் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். போப்பரிங்கேயில் மோரிசுக்கும் மற்றவர்களைப் போன்றே ஒரு கல் நிற்கிறது.

ஆனால் ஐரோப்பாவுக்கு வெளியே அந்தக் கொள்கை கைவிடப்பட்டது. 2019இல் டேவிட் லாமி வழங்கிய தொலைக்காட்சி ஆவணப்படம் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அதன் பின் ஆணையம் அமைத்த குழு 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3.5 லட்சம் பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவே இல்லை என்றும் அது கண்டறிந்தது. பிரிட்டிஷ் அரசு நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது. கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமைதூக்கிகளாக இறந்தோருக்கு நைரோபியிலும் மொம்பாசாவிலும் தாருஸ்ஸலாமிலும் பொதுச் சிலைகள் உண்டு; பெயர்கள் இல்லை. மேற்கிந்திய வீரருக்குப் பெயர் பொறித்த கல்லும், ஆப்பிரிக்கச் சுமைதூக்கிக்குப் பெயரற்ற சிலையும் கிடைத்ததற்குக் காரணம், மீண்டும், எந்த வகையில் எழுதப்பட்டார் என்பதே.

ஊர் திரும்பியோர்

படைப் பணியோடு ஆய்வை நிறுத்தினால் பாதி வரலாறே கிடைக்கும். 1919 ஜூலையில் பெலீஸ் நகரில் திரும்பிவந்த வீரர்கள் கிளர்ந்தெழுந்தனர். அப்படையணியில் பணியாற்றிய சாமுவேல் ஹெய்ன்ஸ் பின்னர் மார்க்கஸ் கார்வியின் இயக்கத்தில் இணைந்தார். அவருடைய கவிதையே இன்று பெலீஸ் நாட்டின் தேசிய கீதமாக உருக்கொண்டிருக்கிறது. படையணியில் கேப்டனாக இருந்த ஆர்தர் சிப்ரியானி, டிரினிடாடின் தொழிலாளர் சங்கத் தலைவரானார். அங்கே 1937இல் எண்ணெய் வயல் வேலைநிறுத்தத்தை வழிநடத்திய யூரியா பட்லரும் இப்படையணியின் முன்னாள் வீரரே. இவர்களைத் தேட உள்ளூர் நாளிதழ்கள், தொழிற்சங்க ஆவணங்கள், குடியேற்ற ஆளுநர்களின் கடிதங்கள் ஆகியவை தேவைப்படும். ஜமைக்காவின் ‘கிளீனர்’ நாளிதழ் அவ்வகையில் இன்றியமையாதது.

இந்த முறையை இங்கே பயன்படுத்துதல்

இந்திய இராணுவத்தின் தலித் வீரர்களைத் தேடுவோருக்கு இந்தப் பாதை அந்நியமானதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ‘போர்க்குணச் சாதிகள்’ என்ற கோட்பாட்டின் பெயரால் மகர்கள் படையிலிருந்து விலக்கப்பட்டனர். அதை எதிர்த்து 1894இல் கோபால் பாபா வலங்கர் மனு வரைந்தார். 1910இல் சிவ்ராம் ஜான்பா காம்ப்ளே மீண்டும் மனு அனுப்பினார். முதலாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது 1917இல் 111ஆவது மகர் படைப்பிரிவு திரட்டப்பட்டது. போர் முடிந்து சில ஆண்டுகளுக்குள் அது கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் தேவை வந்தபோது 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. 1943இல் உருவான சமார் ரெஜிமென்ட் 1946இல் கலைக்கப்பட்டது. தேவைப்படும்போது அழைப்பதும் தேவை தீர்ந்ததும் விலக்குவதும் டாரன்டோவில் நின்றவர்களுக்கு நன்கு தெரிந்த நடைமுறை.

புது தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ இணையதளத்திலும், இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக இராணுவத் துறைப் பதிவுகளிலும் தேடலைத் தொடங்கலாம். லாகூர் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் முடங்கிக் கிடந்த பஞ்சாப் பதிவேடுகளிலிருந்து சுமார் 3.2 லட்சம் வீரர்களின் விவரங்கள் 2021 முதல் இணையத்தில் வரத் தொடங்கியிருப்பது, இன்னும் திறக்கப்படாத அலமாரிகள் பல உள்ளன என்பதற்குச் சான்று.

எந்தக் காப்பகத்துக்குச் சென்றாலும் ஒவ்வோர் ஆவணத்திடமும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதை எழுதியவர் யார்? எந்தத் தேவைக்காக எழுதினார்? இதில் இந்த மனிதரை எந்த வகையில் அடைத்தார்? ஒரு வீரரின் ஊதியத்தையும் பதக்கத்தையும் கல்லறையையும் மூன்றாவது கேள்விக்கான விடையே தீர்மானித்தது. அந்த வகைப்பாட்டை எழுதிய கையைக் கண்டறிந்து, அதற்குக் கீழே மறைந்துகிடக்கும் பெயரை, எண்ணோடும் ஊரோடும் பட்டாலியனோடும், பிழையின்றி மீண்டும் எழுதுவதே இந்த ஆய்வின் நோக்கம்.